வதந்திக்குப் பதில் போடும்போது முதல் வரியில் என்ன இருக்க வேண்டும்?

[திரையில்: பள்ளி வாசல், செல்போனைப் பார்த்தபடி பெற்றோர்]

வணக்கம். 2017 பிப்ரவரி மாதம். தமிழ்நாடு, கர்நாடகா, புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முடிந்த குழந்தையிலிருந்து 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை எல்லோருக்கும் ஊசி. ஆனால் தமிழ்நாட்டில் ஊசிக்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் வதந்தி வந்துவிட்டது. பயந்துபோன பெற்றோர் பலர் ஊசி வேண்டாம் என்றார்கள். முகாமை நாள் நீட்டித்து நடத்த வேண்டியதாயிற்று.

இந்த மாதிரி நேரத்தில் ஊர் நம்புவது தெரிந்த முகத்தைத்தான். கிராம சுகாதார செவிலியர்களே, இது உங்களுக்கான வீடியோ.

[திரையில்: சிவப்பு எழுத்தில் ‘பொய்’ என்று குத்திய படம்]

வதந்திப் படத்தின் மேல் ‘பொய்’ என்று எழுதி நாமே குழுவில் போடுகிறோம், இல்லையா? தயவுசெய்து வேண்டாம். அடுத்தவர் அனுப்பும்போது நம் விளக்கம் விட்டுப்போகும், படம் மட்டும் ஊர் சுற்றும். வதந்தியைக் கடைசியில் ஒரு வரியில் மறுத்தால் போதும். முதல் வரியில் உண்மை இருக்கட்டும். இப்படி:

“நாளை பள்ளியில் தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி. வலது மேல்கையில் போடுவோம். அந்த இடம் கொஞ்சம் வலிக்கலாம். ஒரு வாரம் கழித்து லேசாகக் காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் விட்டுவிடும். ஊசி பயத்தில் சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும். அதனால் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்போம். காலையில் சாப்பிட வைத்து அனுப்புங்கள்.”

காய்ச்சலை ஏன் நாமே சொல்ல வேண்டும்? சொல்லாமல் விட்டால், எட்டாம் நாள் பிள்ளையின் உடம்பு சுடும்போது அந்த அம்மாவுக்கு வதந்திதான் உண்மையாகத் தெரியும். முன்கூட்டியே சொல்லியிருந்தால், “செவிலியரம்மா சொன்னதுதானே” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிதானமாக இருப்பார்.

இதையே உங்கள் குரலில் ஒரு நிமிடத்துக்குள் பேசியும் அனுப்புங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் உங்கள் குரல் தெரியும்.

[திரையில்: குழுவில் ஒரு கேள்வி]

அப்புறம், பிள்ளைகளின் படம் வேண்டவே வேண்டாம். முகத்தை மறைத்தாலும் சீருடையை வைத்தே யார் வீட்டுப் பிள்ளை என்று ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். “என் பையனுக்கு வலிப்பு வந்திருக்கு, ஊசி போடலாமா?” என்று ஓர் அம்மா குழுவில் கேட்டால், அங்கே பதில் எழுதாதீர்கள். உடனே அவருக்குப் போன் செய்யுங்கள், மருத்துவரிடம் பேச வையுங்கள். குழுவில் “அக்கா, உங்களைக் கூப்பிடுகிறேன்” என்று மட்டும் போடுங்கள்.