முதலாளி மாறினால் பழைய சர்வீஸ் யார் கணக்கில்?

நேயர்களுக்கு வணக்கம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டோ டீ ஃபேக்டரியோ கைமாறப்போகிறது என்று பேச்சு வந்தால், லைன் வீடுகளில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளில், எல்லாரும் கேட்பது வேலை இருக்குமா என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் நிம்மதியாகி, இத்தனை வருஷம் கொழுந்து பறித்த, மெஷின் ஓட்டிய சர்வீஸ் இனி யார் கணக்கில் வரும் என்பதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நாலு வருஷம் கழித்துப் புது முதலாளி ஆட்குறைப்பு செய்யும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

தொழில் தகராறுகள் சட்டம், 1947இல் 25 எஃப்எஃப் என்றொரு பிரிவு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் இந்த ஏற்பாடு அதிலும் 73ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நிறுவனத்தின் உரிமையோ நிர்வாகமோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால், அதற்கு முன் ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு, அவரை ஆட்குறைப்பு செய்தது போலவே எண்ணி, நோட்டீஸும் இழப்பீடும் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியவர் பழைய முதலாளி. நிர்வாகம் என்ற சொல்லைக் கவனியுங்கள், விற்றால் மட்டும்தான் என்றில்லை, ஃபேக்டரியைக் குத்தகைக்கு விட்டு நிர்வாகம் கைமாறினாலும் இதைக் கேட்கலாம்.

பழைய முதலாளி இழப்பீடு தராமல் விலக ஒரு வழி உண்டு, அதற்கு மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். கைமாறியதால் உங்கள் வேலையில் இடைவெளி விழக்கூடாது. சம்பளமும் சலுகைகளும் முன்பு இருந்ததைவிடக் குறையக்கூடாது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பின்னால் என்றைக்காவது உங்களை நிறுத்தினால், பழைய சர்வீஸையும் விடுபடாத ஒரே சர்வீஸாகச் சேர்த்து இழப்பீடு தரும் பொறுப்பைப் புது முதலாளி சட்டப்படி ஏற்றிருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பழைய முதலாளி கணக்கை முடித்துக் கொடுத்தே ஆக வேண்டும். அதே பழைய சர்வீஸுக்கு இரண்டு பேரிடமும் வாங்க முடியாது. ஆனால் இரண்டு பேரும் கைவிரிக்கவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், மிச்சம் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதையும் ஒரு வருஷமாக எடுக்க வேண்டும். கணக்குக்காக நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், வருஷத்துக்கு 6,750 ரூபாய் வரும். பழைய முதலாளியிடம் 14 வருஷம், புதியவரிடம் 3 வருஷம் 8 மாதம் பார்த்த ஒரு அக்காவை நிறுத்துகிறார்கள். சேர்த்துப் பார்த்தால் 17 வருஷம் 8 மாதம், அதாவது 18 வருஷக் கணக்கு, 1,21,500 ரூபாய். புது சர்வீஸ் மட்டும் என்றால் 4 வருஷம், 27,000 ரூபாய். நடுவில் போகிற 94,500 ரூபாய் அந்த அக்காவின் சொந்த உழைப்பு. கைமாறிய அன்றைக்கு நீட்டிய தாளில் "புதிதாகப் பணியில் சேர்கிறேன்" என்று ஒரு வரி இருந்து, அதைப் படிக்காமல் கைநாட்டு வைத்திருந்தால், இந்தப் பணத்துக்காகப் பின்னால் வழக்குப் போட்டு அலைய வேண்டிவரும். அதனால் பழைய சேர்ந்த தேதி அந்தத் தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். பழைய கணக்கு தீராமல் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

"நான் டெம்பரரிதானே, எனக்கு என்ன சர்வீஸ்?" என்று ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை இருந்தால் அது ஓராண்டுத் தொடர் சர்வீஸ்தான், டெம்பரரி என்று பேர் வைத்ததால் மட்டும் அது இல்லாமல் போகாது. சம்பளத்தோடு கூடிய வார விடுமுறையும், சட்டம் அனுமதிக்கிற பிரசவ விடுப்பும், வேலையில் அடிபட்டுப் படுத்த நாட்களும் அந்த 240இல் சேரும். கொழுந்து குறைந்த மாதங்களில் சட்டப்படி லே-ஆஃப் கொடுத்த, அதாவது வேலை இல்லையென்று தற்காலிகமாக நிறுத்திவைத்த, நாட்களும் சேரும். துண்டுச் சீட்டு, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், பணிக்கொடை (கிராஜுவிட்டி) வேறு, இந்த இழப்பீடு வேறு. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றும் அதில் அடக்கம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பி.எஃப்.பையும், யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணைப் போட்டு, பழைய முதலாளி கடைசி மாதம்வரை கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள்.

கம்பெனி அதே கம்பெனியாக இருந்து, பங்குகள் மட்டும் வேறு கைக்குப் போனால் சட்டத்தின் பார்வையில் முதலாளி மாறவே இல்லை. அங்கே சர்வீஸ் தானாகவே தொடரும், பழையதை முடித்துக்கொண்டு புதிதாகச் சேரச் சொல்வதற்கு எந்தத் தேவையும் இல்லை.

புது முதலாளியிடம் வேலை பார்க்க விருப்பமில்லை என்றால் வற்புறுத்த முடியாது, 2011இல் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லியிருக்கிறது, அப்படி மறுப்பவருக்கு இழப்பீடு உண்டு. ஆனால் வேலை போனபின் அடுத்த வேலை என்ன என்று வீட்டில் பேசாமல் அந்த முடிவை எடுக்காதீர்கள், மலையில் அது லேசில்லை, லைன் வீட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள், பழைய சர்வீஸைச் சேர்க்கவில்லை என்றால், சங்கம் இருந்தால் சங்கத்தோடு, இல்லையென்றால் தனியாகவே குன்னூரில் இருக்கிற தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். சமரசம் ஆகாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு 3 ஆண்டு அவகாசம் இருந்தது, புதுச் சட்டத்தில் தகராறைச் சமரசத்துக்குக் கொண்டுபோக 2 ஆண்டுதான், அதனால் பேசிப் பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல், மனுவை முதலில் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொண்டு அதன்பிறகு பேசுங்கள்.