டிராஃபிக் இன் சைட்: ஒரு பதிலும் அதனோடு கைமாறும் பொறுப்பும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வான்வெளியில் ஒரு விமானத்தின் அருகே இன்னொரு விமானம் வரும்போது, அதை விமானி தரையிலுள்ள கட்டுப்பாட்டாளருக்கு எப்படித் தெரிவிக்கிறார் என்பதைப் பற்றி இன்று பேச அழைத்திருக்கிறார்கள். கேட்பதற்குச் சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் சில நொடிகளில் முடிந்துவிடும் இந்த உரையாடலில், இரு விமானங்களையும் விலக்கி வைக்கும் பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிவிடக்கூடும்.

கட்டுப்பாட்டாளர் ராடார் திரையில் இரண்டு விமானங்கள் நெருங்குவதைக் கண்டால், ஒரு விமானியிடம் மற்றதன் இருப்பிடத்தைக் கடிகார முள்ளின் கணக்கில் சொல்வார். மூக்குக்கு நேரே இருந்தால் பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று மணி, இடப்பக்கம் ஒன்பது மணி. "டிராஃபிக், டூ ஓ'கிளாக், ஃபைவ் மைல்ஸ், கிராஸிங் ரைட் டு லெஃப்ட்" அதாவது அருகே ஒரு விமானம், சற்று வலப்பக்கம் முன்னால், ஐந்து மைல் தொலைவில், வலமிருந்து இடமாகக் கடக்கிறது என்று தொடங்கி, தெரிந்தால் விமானத்தின் வகையையும் உயரத்தையும் சேர்த்துச் சொல்வார். இதற்கு விமானி தரக்கூடிய பதில்கள் மூன்றே. தேடிக்கொண்டிருந்தால் "லுக்கிங் அவுட்". கண்ணில் படவில்லை என்றால் "நெகட்டிவ் கான்டாக்ட்". பார்த்துவிட்டால் "டிராஃபிக் இன் சைட்".

முதல் இரண்டு பதில்களில் எதைக் கேட்டாலும் கட்டுப்பாட்டாளரின் வேலை குறைவதில்லை. உயரத்தாலோ தூரத்தாலோ இரு விமானங்களையும் பிரித்து வைப்பது அவர் கடமையாகவே தொடர்கிறது. மூன்றாவது பதில் வந்த பிறகு, விதிகள் இடம் தரும் வான்பரப்பில், "மெயின்டெயின் விஷுவல் செபரேஷன்" என்று அவர் சொல்லலாம். அதை விமானி ஏற்றுக்கொண்ட நொடி முதல், அந்த விமானத்தைக் கண்ணை விட்டு அகலாமல் பார்த்து விலகிச் செல்வது விமானியின் பொறுப்பு. இடையில் பார்வையிலிருந்து தவறவிட்டால் அதை உடனே சொல்லவும் வேண்டும். என் கருத்தில் இந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான கண்ணி இந்தக் கடைசி நிபந்தனைதான். பார்த்துவிட்டேன் என்று சொல்வது எவருக்கும் எளிது. சற்று முன் பார்த்தது இப்போது தெரியவில்லை என்று, பரபரப்பான அலைவரிசையில் குறுக்கிட்டுச் சொல்ல மனம் எளிதில் வருவதில்லை.

1978 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்துக்கு மேலே நடந்தது இதுவே. பசிபிக் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 727 தரையிறங்க வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு சிறிய செஸ்னா 172 பறப்பதாகக் கட்டுப்பாட்டாளர் தெரிவிக்க, விமானிகள் பார்த்துவிட்டதாகப் பதில் தந்தார்கள். பிரிந்து செல்லும் பொறுப்பையும் ஏற்றார்கள். பின்னர் அந்தச் சிறிய விமானம் அவர்கள் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. சற்று முன்புவரை அங்கே இருந்தது, வலப்பக்கமாகக் கடந்துபோயிருக்கும் என்று நினைக்கிறோம் என்ற பொருளில் அவர்கள் வானொலியில் சொன்னதைக் கட்டுப்பாட்டாளர், அது கடந்துபோவதை அவர்கள் இன்னமும் பார்த்துக்கொண்டிருப்பதாக எடுத்துக்கொண்டார். மோதலுக்குச் சற்று முன் தரையிறங்க வரும் விமானங்களைக் கவனிக்கும் அணுகுமுகக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை ஒலித்தும், விமானிகள்தாம் பார்த்துவிட்டார்களே என்பதால் அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. 144 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 7 பேர் தரையில் இருந்தவர்கள். பார்வையிலிருந்து தவறியதைத் தெரிவிக்காதது காரணம் என்று விசாரணை கூறியது. ராடார் வழியாகவே பிரித்து வைக்க வசதி இருந்தும் விமானியின் கண்ணை நம்பிய நடைமுறையையும் அது குறை கூறத் தவறவில்லை.

கண்ணை நம்புவதில் என்ன குறை என்று கேட்பீர்கள். மோதும் பாதையில் வருகிற விமானம், விமானியின் முன்பக்கக் கண்ணாடி ஜன்னலில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். பக்கவாட்டில் நகர்கிற பொருளைத்தான் நம் கண் சட்டெனப் பிடிக்கும். ஆகவே ஆபத்தில்லாத விமானம் எளிதில் தென்படும், ஆபத்தான விமானமோ கண்ணாடியில் படிந்த தூசி போல ஒரு புள்ளியாகவே இருந்து, கடைசி சில நொடிகளில் திடீரெனப் பெரிதாகும். வேகமும் சாதாரணமானதல்ல. மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு ஜெட் விமானங்களுக்கு இடையே உள்ள 10 கடல் மைல் தூரம் 40 நொடிகூட நீடிக்காது. ஒரு விமானத்தைக் கண்டு, அது என்னவென்று உணர்ந்து, முடிவெடுத்து, கட்டுப்பாட்டுத் தண்டைத் திருப்பி, விமானம் திரும்பத் தொடங்குவதற்கு 12.5 நொடிகள் ஆகும் என்று அமெரிக்க விமானத் துறையின் வழிகாட்டி கணக்கிடுகிறது.

கடிகாரக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டுப்பாட்டாளர் திரையில் காண்பது விமானம் நகரும் திசையை. அதன் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. இடப்பக்கத்திலிருந்து பலத்த காற்று வீசினால், நேர்பாதையில் செல்ல விமானி மூக்கை இடப்புறம் திருப்பி வைத்திருப்பார். அப்போது பன்னிரண்டு மணி என்று சொல்லப்பட்ட விமானம் அவருக்கு நேரே தெரியாமல் சற்று வலப்பக்கமாகத் தெரியும்.

நம் நாட்டு வரலாற்றிலும் இதற்கொரு பெருந்துயர் உண்டு. 1996 நவம்பர் 12 மாலை, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி போயிங் 747 விமானம் 14,000 அடிக்கும், தில்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின் 76 விமானம் 15,000 அடிக்கும் அனுமதிக்கப்பட்டிருந்தன. எதிரே சவூதி விமானம் வருகிறது, கண்டால் தெரிவியுங்கள் என்று கட்டுப்பாட்டாளர் சொன்னார். எத்தனை மைல் என்று கஜக் விமானத்திலிருந்து கேள்வி வந்தது. தூரமும் உயரமும் மீண்டும் தரப்பட்டன. இப்போது தேடுகிறோம் என்பதே அங்கிருந்து வந்த பதில். அந்த விமானமோ தனக்குரிய 15,000 அடிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அன்று தில்லியில் இருந்த முதல்நிலை ராடார் உயரத்தைக் காட்டாது. ஆகவே கீழே இருந்தவருக்கு அதை அறிய வழியில்லை. ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி அருகே மோதி, இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளர் செய்ய வேண்டியதைச் செய்தே இருந்தார் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றியவன் என்ற முறையில் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பார்த்துவிட்டேன் என்ற பதில் உண்மையாகவே இருந்தாலும், எதைப் பார்த்தார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தருகே பறந்த ராணுவ பிளாக் ஹாக் ஹெலிகாப்டரிடம், தரையிறங்க வரும் சிஆர்ஜே ரக ஜெட் விமானத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது. விமானத்தைப் பார்த்துவிட்டதாகவும், பார்வையால் பிரிந்து செல்ல அனுமதி வேண்டும் என்றும் ஹெலிகாப்டரிலிருந்து பதில் வந்தது, அனுமதியும் கிடைத்தது. மோதலுக்குச் சில நொடிகள் முன் கட்டுப்பாட்டாளர் மீண்டும் கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது. இரண்டிலும் இருந்த 67 பேரும் மாண்டார்கள். நகர விளக்குகளுக்கு நடுவே, வரிசையாகத் தரையிறங்க வரும் விமானங்களின் விளக்குகளில் எது தமக்குச் சொல்லப்பட்டது என்று இரவில் பிரித்தறிவது எவருக்கும் கடினம். அதன் பிறகு, அந்த விமான நிலையத்தைச் சுற்றி 5 மைலுக்குள் பார்வையை நம்பிப் பிரிக்கும் முறையை அமெரிக்க விமானத் துறை நிறுத்தியது.

இந்நாளில் டிகாஸ் எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவி விமானத்திலேயே இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அதன் திரையில் ஒரு குறி தெரிகிறது என்பதற்காக டிராஃபிக் இன் சைட் என்று சொல்லக் கூடாது. அது காட்டும் திசை துல்லியமானதன்று. திரையில் தெரிவது தமக்குச் சொல்லப்பட்ட விமானம்தானா என்ற உறுதியும் கிடையாது. ஆனால் அந்தக் கருவி ஏறு என்றோ இறங்கு என்றோ கட்டளையிட்டால், விமானி அதற்குக் கீழ்ப்படிந்து, கருவியின் கட்டளை வந்திருக்கிறது என்ற பொருளில் "டிகாஸ் ஆர்ஏ" என்று உடனே அறிவிக்க வேண்டும். அதைக் கேட்ட கட்டுப்பாட்டாளர் வேறு கட்டளை எதுவும் தராமல் விலகி நிற்க வேண்டும்.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இந்த அறிவிப்பு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கட்டுப்பாட்டாளர் ரஷ்ய டுபலெவ் விமானத்தை இறங்கச் சொன்னார், அதன் கருவியோ ஏறச் சொன்னது, விமானி இறங்கினார். குறுக்கே வந்த சரக்கு போயிங் 757 தன் கருவியின் சொற்படி இறங்கிக்கொண்டிருந்தது. கருவி கட்டளையிட்டு இருபது நொடிகளுக்கு மேல் கழிந்த பிறகே, கருவி சொன்னபடி இறங்குகிறோம் என்று பொருள்படும் "டிகாஸ் டிசென்ட்" என்ற அறிவிப்பு அங்கிருந்து வந்தது. மோதலுக்கு அப்போது சுமார் 13 நொடிகளே இருந்தன. தனியாளாக வேறொரு விமானத்தையும் கவனித்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளரின் காதில் அது பதியவில்லை. போதாததற்கு, இடப்பக்கத்தில் இருந்த சரக்கு விமானத்தை டூ ஓ'கிளாக், அதாவது வலப்பக்கம் என்று அவர் ரஷ்ய விமானிகளுக்குத் தவறாகச் சொல்லியிருந்தார். 71 பேர் இறந்தார்கள்.

இன்று நடைமுறை தெளிவாக இருக்கிறது. கட்டுப்பாட்டாளரின் கட்டளையும் கருவியின் கட்டளையும் முரண்பட்டால், நீங்கள் சொன்னதைச் செய்ய இயலாது என்ற பொருளில் "அனேபிள், டிகாஸ் ஆர்ஏ" என்று சொல்லிவிட்டு விமானி கருவியின் சொல்லையே பின்பற்றுவார். ஆபத்து நீங்கியதும் "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" என்று கூறி, தமக்கு முன்பு தரப்பட்ட உயரத்துக்குத் திரும்புவதைத் தெரிவிப்பார். விமானம் அந்த உயரத்துக்குத் திரும்பிவிட்டது என்பதைக் கட்டுப்பாட்டாளர் ஒப்புக்கொண்ட பிறகோ, விமானி ஏற்கும் மாற்று அனுமதியை அவர் கொடுத்த பிறகோதான் பிரித்து வைக்கும் பொறுப்பு மீண்டும் அவரிடம் திரும்புகிறது. நன்றி, வணக்கம்.