ஏழு வருஷக் கணக்கு

தலைவர் அவர்களுக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பழைய ஹாலிவுட் நடிகை ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மர்லின் மன்றோ, ஆட்ரி ஹெப்பர்ன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேசப்போவது ஒலிவியா டி ஹேவிலண்ட் பற்றி. பெயர் பிடிபடாவிட்டால் ‘கான் வித் தி விண்ட்’ படத்தின் மெலனியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கார்லெட்டாக விவியன் லீ படம் முழுக்க ஆட்டிப்படைக்க, பக்கத்தில் யார்மேலும் கோபப்படாமல் நிற்பாரே, அந்தப் பெண். அவர்தான் வார்னர் பிரதர்ஸ் என்ற படக் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்து ஜெயித்தவர்.

பிறந்தது 1916-ல் டோக்கியோவில். பெற்றோர் ஆங்கிலேயர்கள். குழந்தையாக இருக்கும்போதே தாயும் தங்கையும் இவருமாகக் கலிபோர்னியாவில் சரடோகா என்ற சிற்றூரில் குடியேறிவிட்டார்கள். அந்தத் தங்கைதான் பிற்காலத்தில் நடிகையான ஜோன் ஃபான்டெய்ன். அக்கா தங்கைச் சண்டையைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள், எனக்கு அதில் ருசி இல்லை. 1942 ஆஸ்கர் விழாவில் இருவரும் ஒரே விருதுக்குப் போட்டியிட்டார்கள், தங்கை வாங்கினார். அதோடு விட்டுவிடலாம்.

1934-ல் நாடக இயக்குநர் மாக்ஸ் ரெய்ன்ஹார்ட் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றைப் போட்டார். அதில் ஹெர்மியா வேடத்துக்கு மாற்று நடிகை ஒருவர், அவருக்கும் ஒரு மாற்று. அந்த இரண்டாவது மாற்றுதான் ஒலிவியா. முன்னால் இருந்த இருவரும் விலக, வேடம் இவர் கைக்கு வந்தது. அதே நாடகத்தை வார்னர் கம்பெனி படமாக எடுத்தபோது இவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்போது வயது 18.

அந்தக் கால ஒப்பந்தம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் வழக்கு புரியும். ஏழு வருஷம். வாரச் சம்பளம். வருஷா வருஷம் வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று கம்பெனி முடிவு செய்யும், நடிகைக்கு அந்த உரிமை கிடையாது. கொடுத்த வேடம் பிடிக்கவில்லை என்றால் சஸ்பென்ஷன். அந்த வேடத்தை இன்னொருவர் நடித்து முடிக்கும்வரை சம்பளம் இல்லை. அது போதாதென்று, அப்படிச் சும்மா உட்கார்ந்த வாரங்களையெல்லாம் கூட்டி ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். நல்ல வேடம் கேட்கக் கேட்க விடுதலை தள்ளிக்கொண்டே போகும். யோசித்த மூளையைப் பாராட்டத்தான் வேண்டும்!

வார்னர் இவருக்கு என்ன கொடுத்தது? எர்ரல் ஃபிளின்னுக்கு ஜோடி. எட்டுப் படங்கள். அவற்றில் 1938-ல் வந்த ‘ராபின் ஹூட்’ இன்றைக்கும் பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் கதாநாயகன் வாள் வீசுவான், இவர் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

மெலனி வேடம் சும்மா வரவில்லை. அது செல்ஸ்னிக் என்ற வேறொரு தயாரிப்பாளரின் படம். இவரை இரவல் கொடுக்க முடியாது என்று கம்பெனி முதலாளி ஜாக் வார்னர் அடித்துச் சொல்லிவிட்டார். ஒலிவியா என்ன செய்தார் தெரியுமா? வார்னரின் மனைவி ஆன் என்பவரை பிரௌன் டெர்பி ஹோட்டலுக்குத் தேநீர் அருந்த அழைத்து, விஷயத்தை எடுத்துச் சொல்லி உதவி கேட்டார். அந்த அம்மா வீட்டில் பேசினார், காரியம் முடிந்தது. அந்த வேடத்துக்குத்தான் முதல் ஆஸ்கர் பரிந்துரை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வாழ்நாளில் இவருக்கு ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள், அதில் இரண்டு விருதுகள். ஐந்தில் ஒன்றுகூட வார்னர் படத்துக்கு இல்லை! முதல் இரண்டும் இரவல் போன இடத்தில் வந்தவை. மற்ற மூன்றும் விடுதலைக்குப் பிறகு. வீட்டில் இருந்த வைரத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிப் பட்டை தீட்டிக் காட்டிய பிறகும், கம்பெனி அதைக் கண்ணாடிக் கல்லாகவேதான் வைத்துக்கொண்டிருந்தது.

1936-ல் புதிதாகப் போட்ட ஏழு வருஷ ஒப்பந்தம் 1943 மே மாதம் முடிந்தது. கம்பெனி கணக்கில் முடியவில்லை, சஸ்பென்ஷன் பாக்கி 25 வாரம் இருந்தது. மார்ட்டின் கேங் என்ற வக்கீல் கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டத்தைக் காட்டினார். சொந்த உழைப்பை விற்கும் ஒப்பந்தத்தை ஏழு வருஷத்துக்கு மேல் யார்மீதும் செல்லுபடியாக்க முடியாது என்கிறது அது. ஏழு வருஷம் என்றால் வேலை பார்த்த ஏழு வருஷம் என்றது கம்பெனி. காலண்டரில் ஓடும் ஏழு வருஷம் என்றார் கேங். சண்டை மொத்தமும் இவ்வளவுதான்.

சாதாரணத் துணிச்சல் இல்லை இது. 1936-ல் இதே கம்பெனியை எதிர்த்து லண்டன் கோர்ட்டில் நின்ற நடிகை பெட்டி டேவிஸ் தோற்று, திரும்பி வந்து அதே கம்பெனிக்கு நடித்தார். ஒலிவியா வழக்குப் போட்டதும், இவரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று மற்ற ஸ்டுடியோக்களுக்கெல்லாம் வார்னர் கடிதம் அனுப்பினார். சுமார் இரண்டு வருஷம் சினிமா வேலை இல்லை. அது போர்க்காலம். அலாஸ்காவிலும் பசிபிக் தீவுகளிலும் இருந்த ராணுவ ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க் காயம்பட்ட சிப்பாய்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காலண்டர் பக்கம் சாய்ந்தது. மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. இன்றும் அந்தச் சட்டப் பிரிவுக்கு நடைமுறையில் இவர் பெயர்தான். பிற்காலத்தில் பாட்டுக் கம்பெனியோடு மல்லுக்கு நின்ற ராக் இசைக் குழுக்கள்கூட இதைத்தான் கையில் எடுத்தன. ஸ்டுடியோ ஆட்சியையே இந்தத் தீர்ப்பு கவிழ்த்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஸ்டுடியோக்களைத் தங்கள் சொந்தத் தியேட்டர்களைக் கைவிடச் சொல்லி 1948-ல் வந்த தீர்ப்பும் தொலைக்காட்சியும் சேர்ந்துதான் அதைச் சாய்த்தன. இவர் செய்தது பூட்டுகளில் ஒன்றை உடைத்தது.

வெளியே வந்தவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். 1946-ல் வந்த ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ படத்துக்கு முதல் ஆஸ்கர். 1948-ல் ‘தி ஸ்நேக் பிட்’, மனநல மருத்துவமனையில் அடைபட்ட பெண்ணின் கதை. மேக்கப் இல்லாத வெளிறிய முகம், நாயகியாக ஒருத்தர் அப்படித் தோன்றுவது அன்றைக்கு அபூர்வம். 1949-ல் வில்லியம் வைலர் இயக்கிய ‘தி ஏரெஸ்’, இரண்டாவது ஆஸ்கர். அழகில்லாத பணக்காரப் பெண் கேத்தரின். ஓடிப்போகலாம் என்று சொன்ன காதலன் வரவே இல்லை. இரவெல்லாம் காத்திருந்தவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். வைலர் திரும்பத் திரும்ப எடுத்தும் திருப்தி இல்லை. பொறுமை போய் ஒலிவியா பெட்டியை விட்டெறிந்தார். அப்போதுதான் பெட்டி காலி என்பது வைலருக்கு உறைத்ததாம். உள்ளே புத்தகங்களை அடுக்கிக் கனமாக்கி மறுபடி ஏறச் சொன்னார். படத்தில் பாருங்கள், தோள் ஒரு பக்கம் இழுக்க, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறுவார். நடிப்பென்று பிரித்துச் சொல்ல அதில் எதுவும் இல்லை.

பிறகு பாரிசில் குடியேறினார். 1965-ல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்தார், அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். 2020 ஜூலையில், 104 வயதில் காலமானார்.

அதற்கு முன் இன்னொரு வழக்கும் உண்டு. தன்னைப் பாத்திரமாக வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் அனுமதியில்லாமல் எடுத்துவிட்டார்கள், தன்னை வம்பு பேசுகிறவளாகக் காட்டிவிட்டார்கள் என்று 2017-ல், 101-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள் வழக்குத் தொடுத்தார். 2018-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் இவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உண்மை மனிதர்களைக் கதையில் காட்ட ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்க வேண்டுமென்றால் யாரும் எதையும் எடுக்க முடியாது, ஆகவே நீதிமன்றம் சொன்னது சரி என்பதே என் அபிப்பிராயம். அவருக்கு அது சரியாகப் படவில்லை. 102 வயதில் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனார். 2019 ஜனவரியில் அவர்களும் விசாரிக்க மறுத்துவிட்டார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தங்கையைப் பற்றி மட்டும் வேண்டாம்.