டேவிக்கு ஏன் அவ்வளவு கோபம்?

ஒரு விளக்கில் ஆரம்பிக்கிறேன். 1812இல் வட இங்கிலாந்தில் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 92 பேர் செத்தார்கள், அதில் சின்னப் பையன்களும் உண்டு. சுரங்கத்துக்குள் கசிகிற வாயுவில் விளக்குத் தீ பட்டால் போதும், முடிந்தது கதை. இதற்கு ஒரு விளக்கு கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில், 1815 அக்டோபரில், கில்லிங்வொர்த் சுரங்கத்து எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டிருந்த, பின்னாளில் ரயில் பாதை போட்டுப் பேர் வாங்கிய ஜார்ஜ் ஸ்டீபன்சன், தானே யோசித்துச் செய்வித்த விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு வாயு சீறுகிற இடத்துக்கே போய் நீட்டினார். கூட வந்தவர்கள் பின்னாலேயே நின்றுவிட்டார்கள். நானாக இருந்தாலும் நின்றிருப்பேன். உள்ளே தீ குபுக்கென்று எழும்பி, அணைந்துபோனது. வெடிக்கவில்லை.

சில வாரத்தில் லண்டனில் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டியில், பேர்பெற்ற வேதியியல் விஞ்ஞானி சர் ஹம்ப்ரி டேவி, தானும் அதே ஆபத்துக்காகச் செய்த விளக்கைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அவருக்குப் பரிசு 2,000 பவுண்டு, ஸ்டீபன்சனுக்கு 100 கினி (105 பவுண்டு). பதினெட்டு வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படித்த ஆளுக்கு வேதியியல் எங்கிருந்து வரும், இது என் யோசனையைத் திருடியதுதான் என்பது டேவி கட்சி. நியூகாசில்காரர்களுக்கு ரோஷம் வந்து, 1,000 பவுண்டு வசூலித்துக் கொடுத்தார்கள். இருவருக்கும் சம உரிமை என்று 1833இல் நாடாளுமன்றக் குழு சொன்னது. டேவி 1829லேயே போய்விட்டார், கடைசிவரை திருட்டு என்றே நம்பிக்கொண்டு.

சரி, டேவி என்ன பிரபு வீட்டுப் பிள்ளையா? பென்சான்ஸ் ஊரில் மரச்செதுக்கு வேலை செய்தவர் மகன், ஒரு வைத்தியரிடம் தொழில் பழகியவர். பின்னாளில் பெரிய விஞ்ஞானியான கொல்லன் மகன் ஃபாரடேயைக் கைதூக்கிவிட்டதும் அவர்தான், அதே ஃபாரடேயை 1824இல் ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கும்போது எதிர்த்ததும் அவர்தான். ஏறின ஏணியை எட்டி உதைக்கிறார் என்போம். எனக்கு அது போதவில்லை. பிரபுவுக்கு ஸ்டீபன்சனால் என்ன நஷ்டம்? தன்னைப் போலவே கீழே இருந்து ஒருவன், அதுவும் தன் வட்டாரப் பேச்சைக்கூட மாற்றிக்கொள்ளாமல் மேலே வந்துவிட்டால், தான் பாடுபட்டு வாங்கிய ‘சர்’ மலிவாகிவிடுமே என்ற பயம் டேவிக்குத்தான் இருந்திருக்கும். இது என் ஊகம்தான்.

அந்த வட்டாரப் பேச்சு ஸ்டீபன்சனை விடவில்லை. 1825இல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதைக்காக நாடாளுமன்றக் குழு முன் நின்றபோது, இவர் வெளிநாட்டுக்காரரா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டதாகச் சொல்வார்கள். எதிர்த்தரப்பில் கால்வாய் முதலாளிகள், நிலச்சுவான்தார்கள். அவர்களுடைய வக்கீல் ஆல்டர்சன் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். பாதை போகிற நிலத்தின் மேடுபள்ளத்தை எடுத்த மட்ட அளவுகளில் நிஜமாகவே தப்பு இருந்தது, கீழே உள்ளவர்கள் எடுத்ததை அவர் சரிபார்க்கவில்லை, அது அவர் குற்றம்தான். ஆனால் வழியில் இருந்த சாட் மாஸ் சதுப்பில் ரயில் ஓட்டலாம் என்று அவர் சொன்னதையும் அதோடு சேர்த்துப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட்டார்கள். மசோதா போயிற்று. அடுத்து, பெயர்பெற்ற பொறியாளரின் பிள்ளைகளான ரென்னி சகோதரர்களை முன்னால் நிறுத்தினார்கள், 1826இல் மசோதா நிறைவேறியது. அப்புறம் வேலை ஸ்டீபன்சனிடமே வந்தது! புதரையும் சுள்ளியையும் பின்னிச் சதுப்பின் மேல் படுக்கையாகப் போட்டார், 1830இல் அதன் மேல் ரயில் ஓடியது.

மகன் ராபர்ட்டை மட்டும் அவர் கழுதை மேல் ஏற்றி நியூகாசில் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார், ராத்திரி அவன் பாடத்தை அப்பாவும் கூட உட்கார்ந்து படித்தார். 1847இல் ராபர்ட் நாடாளுமன்ற உறுப்பினரானார். அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார்.