பச்சை மையில் கையொப்பமிட்டவர்

நேயர்களுக்கு வணக்கம். 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சற்று முன்பு, அன்றிருந்த 48 மாநிலங்களில் மெய்ன், வெர்மான்ட் ஆகிய இரண்டைத் தவிர மற்ற அனைத்திலும் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வெல்வார் என்று ஒருவர் கணித்துச் சொன்னார். லிட்டரரி டைஜஸ்ட் இதழ் நடத்திய பெரிய கருத்துக்கணிப்போ எதிர்வேட்பாளர் ஆல்ஃப் லேண்டனே வெல்வார் என்றது. முடிவில் அந்த இரண்டு மாநிலங்கள் மட்டுமே கைநழுவின. கணித்தவர், ரூஸ்வெல்ட்டின் தேர்தல் பொறுப்பாளர் ஜேம்ஸ் ஃபார்லி.

அது சோதிடமன்று, கடிதங்களால் சேர்த்த கணக்கு. நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள கிராஸி பாயிண்ட் என்னும் சிற்றூரில் 1888-இல் பிறந்த ஃபார்லி, சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். 1912-இல், குடியரசுக் கட்சி ஓங்கியிருந்த ஸ்டோனி பாயிண்டில், ஜனநாயகக் கட்சிக்காரராக நின்று நகர எழுத்தர் பதவியை வென்றார். ஜிப்சம் என்னும் கட்டுமானப் பொருளை விற்கும் நிறுவனத்தின் விற்பனையாளராக ஊர் ஊராகச் சென்றபோது, சந்தித்தவரின் பெயரையும் குடும்பத்தையும் நினைவில் இருத்தும் பழக்கமே அவருக்கு முதலீடாயிற்று.

1931-இல் எல்க்ஸ் என்னும் சமூகச் சங்கத்தின் மாநாட்டுக்காகச் சியாட்டல் செல்வதாகச் சொல்லிப் புறப்பட்டவர், 19 நாள்களில் 18 மாநிலங்களைச் சுற்றி, உள்ளூர்க் கட்சித் தலைவர்களைக் கண்டு மறு ஆண்டு அதிபர் தேர்தலுக்காக ரூஸ்வெல்ட்டுக்கு ஆதரவு திரட்டினார். திரும்பியபின் அவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லி அழைத்துக் கடிதம் எழுதி, பச்சை மையில், ஜேம்ஸ் என்பதன் செல்லச் சுருக்கமான 'ஜிம்' என்று கையொப்பமிட்டார். ஒரு மாவட்டத் தலைவருக்கு அந்தப் பச்சைக் கையெழுத்து எத்தனை நாள் பெருமையாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

அடுத்த ஆண்டு சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அதிபர் வேட்பாளராக மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 770 வாக்குகள் தேவை. முதற்சுற்றில் ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தவை 666. மூன்று சுற்றுகள் இழுபறியாகக் கழிந்தபின், டெக்சாஸின் ஜான் கார்னருக்குத் துணை அதிபர் வேட்பாளர் இடம் என்ற உடன்பாடு உருவாக, நான்காம் சுற்றில் 945 வாக்குகள் விழுந்தன. அந்தப் பேரத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஃபார்லி முதன்மையானவர்.

அவ்வாண்டு அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் பெற்ற வெற்றிக்கு ஃபார்லிக்குக் கிடைத்த பரிசு, அஞ்சல் துறையை நடத்தும் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் பதவி. அங்கே அது அப்போது அமைச்சர் பதவி. கட்சியின் தேசியத் தலைமையையும் சேர்த்து வகித்ததால், அரசுப் பணி நியமனங்கள் பலவும் அவர் கைவழியே சென்றன. இதற்கிடையே ஒரு வேடிக்கை: பொதுமக்களுக்குக் கிடைக்காத, ஓரத் துளையிடாத அஞ்சல்தலைத் தாள்களை அவர் விலை கொடுத்து வாங்கி, ரூஸ்வெல்ட் உள்ளிட்ட நண்பர்களுக்குப் பரிசளிக்க, சேகரிப்பாளர்கள் கொதித்தெழுந்தனர்; 1935-இல் அத்தகைய தாள்களைப் பொதுமக்களுக்கும் அச்சிட்டு விற்க வேண்டியதாயிற்று.

1940-இல் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை நிற்க முனைந்தபோது, அதை ஏற்காத ஃபார்லி தானே மாநாட்டில் போட்டியிட்டார். பிறருக்காக வாக்குகளைச் சேர்த்தவருக்குக் கிடைத்தவை 72, ரூஸ்வெல்ட்டுக்கு 946. இரு பதவிகளையும் துறந்து, கோக்க கோலாவின் ஏற்றுமதி நிறுவனத் தலைவரானார். 1976-இல் மறையும்வரை எந்தப் பெரிய பதவிக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மன்ஹாட்டனின் தலைமை அஞ்சலகக் கட்டடம் மட்டும் 1982 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வணக்கம்.