சேர்ந்த பிறகு நடக்கும் கதை

வணக்கம் நேயர்களே.

காதல் தொடர் என்றால் நமக்குப் பழகிய பாதை ஒன்று உண்டு. பார்ப்பார்கள், முறைப்பார்கள், மழை பெய்யும், யாராவது குறுக்கே வருவார்கள், கடைசி வாரம் ஒன்றுசேர்வார்கள். சுபம். ஆண்கள் இருவர் காதலிக்கும் கதைகளும், தாய்லாந்திலும் ஜப்பானிலும் கொரியாவிலும் எடுக்கிற 'பி.எல்.', அதாவது 'பாய்ஸ் லவ்' தொடர்களைச் சொல்கிறேன், பெரும்பாலும் இதே தடத்தில்தான் போகின்றன. இருபது வயது, கல்லூரி வளாகம், முதல் முத்தத்துக்காகப் பல வாரக் காத்திருப்பு. குறை சொல்லவில்லை. நானும் விடிய விடியப் பார்க்கிற ஆள்தான். ஆனால் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது, சுபம் போட்ட பிறகு தொடங்குகிற ஒரு கதை.

ஜப்பானில் 2019 ஏப்ரலில், டிவி டோக்கியோ அலைவரிசையில் வெள்ளி நள்ளிரவு நேரத்தில் ஒரு தொடர் வந்தது. 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' என்பது அதன் பெயருக்குப் பொருள். மொத்தம் 12 பகுதிகள். ஃபுமி யோஷினாகா 2007 முதல் 'மார்னிங்' வார இதழில் வரைந்துவரும் படக்கதைதான் மூலம். காகேய் ஷிரோ ஒரு வக்கீல். யாபுகி கென்ஜி முடிதிருத்தும் கலைஞர். இருவருக்கும் நாற்பதுக்கு மேல். டோக்கியோவில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். எப்படிச் சந்தித்தார்கள், யார் முதலில் மனதைச் சொன்னார்கள் என்பதற்கெல்லாம் தொடர் அவசரப்படுவதில்லை. நாம் உள்ளே நுழையும்போது ஷிரோ அலுவலகம் முடிந்ததும் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருக்கு மாதச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென்னைத் தாண்டக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வயதான காலத்துக்கு இப்போதே சேர்த்துவைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. முழுத் தர்பூசணி மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் இருவருக்கு அது அதிகம். அதனால் முன்பின் தெரியாத ஓர் இல்லத்தரசியோடு அதைப் பாதியாகப் பங்குபோட்டு, அதிலேயே ஒரு நட்பைச் சம்பாதிக்கிறார்.

அப்புறம் சமையல். ஒவ்வொரு பகுதியிலும் அரிசி கழுவுவதிலிருந்து கிண்ணத்தில் பரிமாறுவது வரை காட்டுவார்கள். ஒரு அடுப்பில் இது கொதிக்கும்போது இன்னொன்றில் அதை வதக்கி, எல்லாம் ஒரே நேரத்தில் மேஜைக்கு வரும்படி ஷிரோ மனதுக்குள் பேசிக்கொண்டே செய்வார். கென்ஜி வந்து உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துவைத்ததும் முகம் மலரும். அவ்வளவுதான். நெருக்கக் காட்சி என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. தொலைக்காட்சிக்காரர்கள் பயந்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் வருடக்கணக்காகச் சேர்ந்து வாழ்கிறவர்களை நம்பவைக்க முத்தத்தைவிட ஒரு சண்டை போதும். அந்தச் சண்டை முதல் பகுதியிலேயே வந்துவிடுகிறது.

ஷிரோ தன் விஷயத்தை வெளியில் யாருக்கும் சொல்லாதவர். கென்ஜியோ கடையில் வாடிக்கையாளரிடம், என் காதலர் ஒரு வக்கீல் என்று சகஜமாகச் சொல்லிவிடுகிறார். ஷிரோவுக்குத் தெரிந்ததும் கோபம் வருகிறது. அதற்கு கென்ஜி திருப்பிக் கேட்பது இதுதான்: கடை முதலாளி தன் மனைவி பிள்ளைகளைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் பேசுகிறாரே, என்னோடு ஒரே வீட்டில் இருக்கிற மனிதரைப் பற்றி நான் மட்டும் ஏன் பேசக்கூடாது? முழக்கமும் கண்ணீர் வசனமும் இல்லை. வீட்டுச் சண்டையில் எழுகிற சாதாரணக் கேள்வி. வக்கீலிடம் பதில் இல்லை.

இந்த வகைத் தொடர்களின் ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஊரறியத் திருமணம் செய்துகொண்ட தம்பதியரைச் சேர்த்து நிறுத்தச் சட்டம், சொந்தபந்தம், ரேஷன் கார்டு, ஊர்வாய் என்று ஆயிரம் முட்டுகள் உண்டு. ஷிரோவுக்கும் கென்ஜிக்கும் அப்படி எதுவுமில்லை. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்து சாப்பிடலாம் என்று இருவரும் மறுபடி மறுபடி முடிவு செய்வதுதான் அவர்களுடைய பந்தம். அதனால்தான் அந்தச் சாப்பாட்டு மேஜையை அலுக்காமல் பார்க்க முடிகிறது.

ஜப்பானில் ஆண் ஆணையோ பெண் பெண்ணையோ மணக்கச் சட்டத்தில் இன்னும் இடமில்லை. டோக்கியோவின் ஷிபுயா, செட்டகாயா வட்டாரங்கள் 2015-இல் இணையர் சான்றிதழ் தரத் தொடங்கின; டோக்கியோ பெருநகரம் முழுவதற்கும் அது 2022 நவம்பரில் வந்தது. அந்தச் சான்றிதழ் தேசியச் சட்டத்தில் திருமணம் ஆகாது, வாரிசு உரிமையும் தராது. திருமணத்தை மறுப்பது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2021 மார்ச்சில் சொன்னது, சட்டம் மாறவில்லை. இதைத் தொடர் எப்படிக் காட்டுகிறது தெரியுமா? கென்ஜிக்குத் தெரிந்த ஒரு ஜோடி வக்கீல் ஷிரோவிடம் வருகிறது. மூத்தவர் தன் துணையைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுக்க விரும்புகிறார். தான் சம்பாதித்ததில் ஒரு யென்கூட ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் போகக்கூடாது என்பது அவர் பிடிவாதம். ஜப்பானியச் சட்டத்தில் வயது வந்தவரையும் தத்தெடுக்கலாம், ஒரு நாள் மூத்தவராக இருந்தாலே போதும். ஆனால் ஒருமுறை அப்பா-மகன் ஆகிவிட்டால், பிற்காலத்தில் தத்தை ரத்து செய்தாலும் அந்த இருவருக்குள் திருமணம் கூடாது. கட்டியவனை மகன் என்று பதிவு செய்கிற இந்த விந்தையை யாரும் மேடையேறி விளக்குவதில்லை. சாப்பாட்டுக்கு நடுவே பேசி முடித்துவிடுகிறார்கள்.

ஷிரோவின் அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மகன் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததும் ஒரு மதக்குழுவின் பின்னால் போனவர். பிறகு மனம் மாறி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவிடு என்று ஷிரோவைப் போனில் விரட்டுகிறவர். ஏற்றுக்கொள்ளாத அம்மாவை நாம் பார்த்திருக்கிறோம். அளவுக்கு மீறி ஏற்றுக்கொண்டு மகனின் உயிரை வாங்கும் அம்மா எனக்குப் புதுசு. ஷிரோ புத்தாண்டுக்குப் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட, கென்ஜி தனியாக உடனடி மிசோ ராமென் செய்து சாப்பிடும் காட்சி ஒன்று உண்டு. பண்டிகை நாளில் தனியாக இருக்கிறாரே என்று நமக்கு மனசு கனக்கும். அவரோ ஒருவருக்கான நூடுல்ஸைக் காய்கறி, முட்டை எல்லாம் போட்டு ராஜபோகமாகச் செய்து ரசித்துச் சாப்பிடுகிறார். கென்ஜியாக வரும் செய்யோ உச்சினோவின் நடிப்புக்கு அந்த ஒரு கிண்ணம் சாட்சி.

பிறகொரு புத்தாண்டில் கென்ஜியும் அந்த வீட்டுக்குப் போகிறார். காதலரின் பெற்றோரைப் பார்த்துவிட்டேன், இனி செத்தாலும் பரவாயில்லை என்று அவர் கண்கலங்க, ஷிரோ அதட்டுகிறார்: சாவைப் பற்றிப் பேசாதே, எண்ணெயையும் இனிப்பையும் குறைத்து, உப்புக் காரத்தைக் குறைத்து, அரை வயிறு முக்கால் வயிறு சாப்பிட்டு ரெண்டு பேரும் ரொம்ப நாள் இருப்போம். ஷிரோவாக நடிக்கும் ஹிடேடோஷி நிஷிஜிமா முகத்தைச் சற்றும் உருக்காமல் அதைச் சொல்கிறார். காதலைச் சொல்ல டாக்டர் பேசுவது போன்ற வசனத்தை எழுதத் துணிந்தவருக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எல்லாமே பிடித்தது என்று சொல்லமாட்டேன். கில்பர்ட் என்ற செல்லப்பெயரோடு வரும் இளைஞனும் அவனைத் தாங்கும் காதலர் கோஹினாதாவும் அடிக்கும் கொட்டம் ஒரு கட்டத்தில் சலிப்பூட்டியது. பிரிட்டனிலும் இப்படி ஒரு தொடர் உண்டு: 'விஷியஸ்', 2013 முதல் 2016 வரை வந்தது. இயன் மெக்கெல்லனும் டெரெக் ஜாக்கோபியும் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு சேர்ந்து வாழ்ந்த கிழவர்களாக வந்து, நாள் முழுக்க ஒருவரையொருவர் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பார்கள். சிரிப்பு வரும். ஆனால் அந்த வீட்டில் யார் காய்கறி வாங்குகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவேயில்லை.

நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். முதலில் 2019 தொடர், அடுத்து 2020 புத்தாண்டுச் சிறப்புப் பகுதி, பிறகு 2021 நவம்பரில் வந்த திரைப்படம், கடைசியாக 2023-இன் இரண்டாம் பருவம் என்ற வரிசையில் பாருங்கள். திரைப்படத்தை முதலில் எடுத்துவிடாதீர்கள். அதில் ஷிரோ திடீரென்று கென்ஜியைக் கியோத்தோவுக்குக் கூட்டிப்போய் ஓயாமல் உபசரிக்கிறார். கென்ஜி பயந்தே போகிறார். கடைசியில் விஷயம் வெளிவருகிறது: அடுத்த புத்தாண்டுக்கு அவரை அழைத்து வரவேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கென்ஜி வந்துபோன பிறகு அம்மா படுத்தேவிட்டாராம். போனில் அவ்வளவு வீரம் பேசிய அம்மா! தொடரைப் பார்க்காதவர்களுக்கு அந்த இடம் வெறும் மாமியார் பிரச்சினையாகத்தான் தெரியும். இரண்டாம் பருவத்தில் விலைவாசி ஏறிவிடுகிறது. அந்த 25,000 யென் சட்டத்தையே ஷிரோ திருத்த வேண்டியதாகிறது. வக்கீலுக்கு அது எவ்வளவு பெரிய தோல்வி என்பது, முதல் பருவத்திலிருந்து அவரோடு கடைக்குப் போய்வந்தவர்களுக்கே விளங்கும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.