குளியல் தொட்டியில் கைமாறிய நிலம்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், எதிரே இருக்கும் உங்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, கதை பெரியது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"அமெரிக்கா உருவாகி விரிந்தது பேனாவாலா, துப்பாக்கியாலா?" இதுதான் தலைப்பு. நான் பேனா அணி.

எனக்கு முன்பு பேசிய எதிரணி ஐயா ஒரு போடு போட்டார். "பேனாவைக் காட்டினால் இங்கிலாந்து ராஜா ஓடிவிடுவாரா? சட்டையில் மை பட்டுவிடும் என்று பயந்தா அமெரிக்காவை விட்டுவிட்டுப் போனார்?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டுங்கள், எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்!

ஐயா, அமெரிக்க விடுதலைப் போரில், 1781-இல் யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தாரே, பின்னால் கடல் இருந்ததே, ஏன் கப்பலேறித் தப்பவில்லை? பிரெஞ்சுக் கடற்படை வழியை மறித்து நின்றது. பிரான்சுக்கு அங்கே என்ன வேலை? எழுபது வயது தாண்டிய பெஞ்சமின் பிராங்கிளின் பாரிசில் உட்கார்ந்து, பேசிப் பேசி, 1778-இல் வாங்கிய கூட்டணி ஒப்பந்தக் கையெழுத்து! அந்தக் கப்பல்களை இழுத்து வந்ததே பேனாதான் ஐயா.

இன்னும் கேளுங்கள். போர் நடத்தியது கடலோரத்துப் 13 குடியேற்றங்கள். ஆனால் 1783 பாரிஸ் உடன்படிக்கையில் கிடைத்த எல்லை எது? மேற்கே மிசிசிப்பி ஆறு! வாஷிங்டன் நடத்திய படை அந்த ஆற்றங்கரைக்குப் போனதே இல்லை. பிராங்கிளினும் ஜான் ஆடம்சும் ஜான் ஜேயும் பேனாவோடு போனார்கள். மை பட்ட சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம் ஐயா, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நிலம் திரும்பி வராது!

சரி, இப்போது 1803-க்கு வாருங்கள். அமெரிக்க அதிபர் ஜெபர்சனுக்குத் தேவைப்பட்டது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம், கூடவே ஃபுளோரிடா பக்கம் கொஞ்சம். மேற்கே விளைந்ததெல்லாம் மிசிசிப்பி வழியாக அந்தத் துறைமுகத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அந்தத் துறைமுகம் அப்போது பிரான்சுக்குச் சொந்தம். அதைக் கேட்கப் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் ராபர்ட் லிவிங்ஸ்டன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

அங்கே நெப்போலியன் குளித்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லவில்லை, அவருடைய தம்பி லூசியன் எழுதி வைத்திருக்கிறார். அண்ணன் ஜோசப்பும் தம்பி லூசியனும் குளியலறைக்கே வந்து, "லூசியானாவை விற்காதே" என்று சண்டை பிடிக்கிறார்கள். லூசியானா என்றால் இன்றைய மாநிலம் மட்டுமல்ல, மிசிசிப்பிக்கு மேற்கே பிரான்சுக்குச் சொந்தமாக இருந்த பெரும் நிலப்பரப்பு. "சட்டமன்றத்தில் எதிர்ப்பேன்" என்கிறார் ஜோசப். ஐரோப்பாவையே நடுங்க வைத்த மனிதர் கோபத்தில் தொட்டியிலிருந்து எழுந்து, மறுபடி தொப்பென்று விழுகிறார். வாசனைத் தண்ணீர் அத்தனையும் ஜோசப் மேல்! பக்கத்தில் நின்ற வேலையாள் மயங்கியே விழுந்துவிட்டார். யோசித்துப் பாருங்கள்: தொட்டியில் ஒருவர், சொட்டச் சொட்ட ஒருவர், தரையில் ஒருவர். இந்த வீட்டில்தான் பாதி அமெரிக்கா விலைக்கு வந்தது!

ஏப்ரல் 11. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலிராண்ட் லிவிங்ஸ்டனிடம் கேட்கிறார்: "லூசியானா முழுவதையும் எடுத்துக்கொள்கிறீர்களா?" காது மந்தமான மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது! அவர் என்ன சொன்னார் தெரியுமா? "வேண்டாம், நாங்கள் கேட்டது நியூ ஆர்லியன்சும் ஃபுளோரிடாவும்தான்." ஒரு துறைமுகம் கேட்கப் போனவரிடம் ராஜ்யத்தையே நீட்டுகிறார்கள், அவர் வேண்டாம் என்கிறார்! தாலிராண்ட் விடவில்லை. "அந்த ஊர் போன பிறகு மீதியை வைத்து நாங்கள் என்ன செய்ய? முழுவதற்கும் எவ்வளவு தருவீர்கள்?" மறுநாள் ஜெபர்சன் அனுப்பிய சிறப்புத் தூதர் மன்றோவும் பாரிஸ் வந்து சேர்ந்தார். ஏப்ரல் 30 தேதியிட்ட ஒப்பந்தம். விலை 1.5 கோடி டாலர். நிலம் சுமார் 8,28,000 சதுர மைல். அமெரிக்காவின் பரப்பு ஒரே கையெழுத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த நிலத்துக்காக அமெரிக்காவும் பிரான்சும் ஒரு குண்டுகூடச் சுட்டுக்கொள்ளவில்லை ஐயா!

ஆனால் நடுவர் அவர்களே, அந்த நிலத்தில் மனிதர்கள் இருந்தார்கள். பூர்வகுடிகளின் எத்தனையோ தேசங்கள். "உங்கள் வீட்டை விற்கிறோம்" என்று அவர்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மிசிசிப்பிக்குக் கிழக்கே செரோக்கி மக்கள் இருந்தார்கள். அவர்களும் பேனாவை நம்பினார்கள். சிக்வோயா என்ற ஒரே மனிதர் தன் மொழிக்குத் தானே எழுத்து உண்டாக்கினார். 1828-இல் பத்திரிகை நடத்தினார்கள். 1832-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அவர்கள் பக்கமே வந்தது. பிறகு என்ன ஆனது? 1835-இல் ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கி, மொத்த நிலத்தையும் எழுதிக்கொண்டார்கள். "இது எங்கள் ஒப்பந்தம் இல்லை" என்று 15,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு மனு போனது. எடுபடவில்லை. 1838-இல் சிப்பாய்கள் வந்தார்கள். துப்பாக்கி வந்துவிட்டது என்பார் எதிரணி ஐயா. வந்தது. அதன் கையில் அந்த ஒப்பந்தக் காகிதம் இருந்தது ஐயா!

குழந்தைகளும் கிழவிகளும் குளிரில் நடந்தார்கள். சுமார் 4,000 பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். எங்கே கொண்டுபோய் விட்டார்கள் தெரியுமா? அந்தக் குளியலறையில் சண்டை போட்டார்களே, அந்த லூசியானா நிலத்தில்தான்!

தீர்ப்பை நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. இந்த மன்றத்திடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எனக்காக மிச்சம் வைக்கச் சொன்ன கைதட்டல் எனக்கு வேண்டாம். தோற்கும் என்று தெரிந்தும் அந்த மனுவில் பெயர் எழுதினார்களே, அவர்களுக்காக ஒருமுறை தட்டுங்கள். நன்றி, வணக்கம்.